பால் டின், டிக்கல், வீசை: பர்மாவில் அளவு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (மௌல்மீன்): அக்கா, பரோட்டாவுக்கு 1 பால் டின் (காலி கெட்டிப்பால் டின்) மைதா என்றால் எத்தனை டிக்கல் (பர்மிய எடை)? தண்ணீரை மாற்றுவதேயில்லை. ஒருநாள் சரியாக வருகிறது, ஒருநாள் கையில் ஒட்டுகிறது.

பதில்: டின்மேல் பழி போடாதீர்கள், அள்ளும் விதம்தான் மாறுகிறது. மாவைச் சலித்து, கரண்டியால் போட்டு, மேலே வழித்துவிட்டால் சுமார் 170 கிராம், பத்தரை டிக்கல். மூட்டைக்குள் டின்னை விட்டு அழுத்தி அள்ளினால் 210 கிராம், கிட்டத்தட்ட 13 டிக்கல். அழுத்தி அள்ளிப் பழகிய கை ஒருநாள் லேசாக அள்ளினால் மாவு குறையும், ஒட்டும். மைதாவை மட்டும் எடை போட்டே ஆகவேண்டும். 1 டிக்கல் 16.33 கிராம்.

டின்னையும் சோதியுங்கள். பியிக்கு (பர்மியப் படி) 8 டின் என்ற பழைய கணக்கில் ஒரு டின் 320 மில்லி. இப்போதைய டின்களில் சில அந்த அளவில்லை. மேலே 397 கிராம் என்று இருந்தால் அது உள்ளே இருந்த பாலின் எடை. கெட்டிப்பால் தண்ணீரைவிட 1.3 மடங்கு கனம். அதனால் அந்த டின் பிடிப்பது 305 மில்லிதான். காலி டின்னைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி.

கேள்வி (தாட்டோன்): இட்லிக்கு 4 டின் அரிசி, 1 டின் உளுந்து. தராசு வாங்கவா?

பதில்: வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம், 320 மில்லி டின்னுக்கு 265 கிராம் பக்கம். ஒரே டின்னால் அளந்தால் போதும்.

கேள்வி (ரங்கூன்): 1 டின் சர்க்கரை?

பதில்: 270 கிராம், டின் 320 மில்லியாக இருந்தால். தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா?

கேள்வி (ரங்கூன்): 50 டிக்கல் கடலை எண்ணெய் வாங்கினேன். லிட்டர் போத்தல் நிரம்பவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. 50 டிக்கல் 816 கிராம். எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 915 கிராம், ஆகவே 890 மில்லிதான் வரும். முழு லிட்டர் வேண்டுமென்றால் 56 டிக்கல் கேளுங்கள்.

கேள்வி (பெகு): அப்பத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த நோட்டில் ஊறுகாய்க்கு 1 வீசை மாங்காய், ஒன்றரை ஆழாக்கு (படியில் எட்டில் ஒரு பங்கு) கல் உப்பு. அவர் ஆழாக்கால்தான் அளந்தேன். பூஞ்சணம் பிடித்துவிட்டது.

பதில்: உப்பு ஊர் அளவு, மாங்காய் சந்தை அளவு. தமிழ்நாட்டின் பழைய வீசை 40 பலம், சுமார் 1.4 கிலோ. இங்கே 100 டிக்கல், 1.633 கிலோ. அதே உப்புக்கு 230 கிராம் மாங்காய் கூடுதல். ஏழில் ஒரு பங்கு உப்பு குறைந்த மாதிரி. 86 டிக்கல் மாங்காய் எடுங்கள். ஈரம் துடைத்தீர்களா என்பதையும் பாருங்கள்.

கேள்வி (அதே பெகு): வீசை பர்மியச் சொல் அல்லவா? ஊர் நோட்டில் எப்படி வந்தது?

பதில்: தலைகீழ். பர்மியர் சொல்வது பெய்த்தா. வெள்ளைக்காரர் எழுதிய ‘விஸ்’ நம் வீசையிலிருந்து போனது.

கேள்வி (தாட்டோன்): பெயர் ஒன்றென்றால் எடையும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? எங்கள் வீட்டில் வீசை என்றால் 1400 கிராம்தான்.

பதில்: பெயர் கப்பலேறியது, எடைக்கல் ஏறவில்லை. பழைய சென்னைக் கணக்கில் 40 பலம் 1 வீசை, 8 வீசை 1 மணங்கு. இங்கே 100 டிக்கல் 1 வீசை. படியும் அப்படித்தான், 1 படிக்கு 8 ஆழாக்கு என்பது மாறாது, படியின் அளவு ஊருக்கு ஊர் வேறு. உங்கள் 1400-ஐ நோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சந்தைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி (மௌல்மீன்): 1 தேக்கரண்டி உப்பு எத்தனை கிராம்?

பதில்: தூள் உப்பு வழித்து அளந்தால் 6 கிராம். கல் உப்பு கல்லின் பருமனைப் பொறுத்து மாறும். ஊறுகாய்க்குக் கரண்டியை நம்பவேண்டாம்.

கேள்வி (ரங்கூன்): 1 கப் எத்தனை கிராம்?

பதில்: எதை? எந்தக் கப்பில்? தண்ணீர் ஊற்றி எடை போட்டுவிட்டு வாருங்கள்.