வாடினால் உடனே தண்ணீரா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பூசணிக் கொடி நண்பகலில் துவண்டு போகிறது. மாலையில் தானே நிமிர்ந்துகொள்கிறது. நண்பகலிலேயே நீர் ஊற்றலாமா?

தேவையில்லை. செடி உறிஞ்சும் நீரில் சுமார் 97 விழுக்காடோ அதற்கு மேலோ இலைகளின் வழியே ஆவியாகிவிடுகிறது. உச்சி வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பூசணிபோல் அகன்ற இலை உள்ளவற்றில் இது பளிச்சென்று தெரியும். வெயில் தாழ்ந்ததும் வரவும் செலவும் சரியாகிவிடும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவு முழுக்க நீர் இழுத்த பிறகும் இலை தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்: ஒன்று, மண்ணில் நீர் இல்லை, அல்லது வேர் கெட்டிருக்கிறது.

கேள்வி: மண் சொதசொதவென்று இருக்கிறது. ஆனாலும் தக்காளிச் செடி வாடுகிறது. மேலும் ஊற்றினேன், இன்னும் மோசமானது. ஏன்?

ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். வேரும் சுவாசிக்கிறது, மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அந்த இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால், ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைந்துவிடும். மூச்சுத் திணறும் வேர்ச் செல்களுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. நீரை உள்ளே விடும் நுண்ணிய புரதக் கால்வாய்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் நீர் நிற்க, செடி தாகத்தில் தவிக்கிறது.

தக்காளியில் இதற்கு ஓர் அருமையான அடையாளம் உண்டு. இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் தொடக்கத்தில் இலையைத் தொட்டால் விறைப்பாகவே இருக்கும். வறட்சியில் துவளும் இலையில் இந்த விறைப்பு இருக்காது. மூச்சுத் திணறிய வேரில் சேரும் ஒரு வேதிப்பொருள் மேலேறி, இலையில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனாக மாறுகிறது. அது காம்பின் மேற்புறச் செல்களை மட்டும் நீளச் செய்வதால் காம்பு கீழே வளைகிறது. இந்த அடையாளத்தைக் கண்டதும் வடிகால் துளையைச் சரிபாருங்கள். வேர் பழுப்பாகிக் குழைந்து நாறினால் அழுகிய பகுதியை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நடுங்கள்.

கேள்வி: தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்கிறார்களே?

வடியாது. நுண்துளைகள் கொண்ட மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ நிறைந்த பிறகே கீழேயுள்ள கல்லடுக்குக்குள் விடும். கல் பரப்பினால் நீர் தேங்கும் மண் அடுக்கு மேலே உயர்ந்து வேரை நெருங்குகிறது. தொட்டி முழுவதும் மண்ணை நிரப்புங்கள், அடியில் துளை இருந்தால் போதும்.

கேள்வி: களிமண் தொட்டால் ஈரமாக இருக்கிறது. செடியோ வாடுகிறது. மண்ணில் ஈரம் இருப்பதாக மீட்டரும் காட்டுகிறது.

மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதோடு, அதை மண் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பிடி சுமார் 1.5 மெகாபாஸ்கலை, அதாவது காற்றழுத்தத்தைப்போல் 15 மடங்கை எட்டும்போது பெரும்பாலான பயிர்களால் நீரை இழுக்க முடியாது. இதை நிரந்தர வாடல் நிலை என்பார்கள். அப்போது மணலில் கன அளவில் 5 விழுக்காடு அளவே நீர் எஞ்சியிருக்கும். கனத்த களிமண்ணிலோ 20 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கலாம். அவ்வளவும் செடிக்குக் கிடைக்காத நீர். மலிவான மீட்டர்கள் பெரும்பாலும் மின்கடத்துதிறனைத்தான் அளக்கின்றன. உரம் மிகுந்த மண்ணில் உப்பைப் பார்த்து ஈரம் என்று சொல்லிவிடும். உப்பு மிகுந்தாலும் வேரால் நீரை இழுக்க முடியாது என்பதால் அந்தத் தவறு செடிக்கு இரட்டிப்பு ஆபத்து.

கேள்வி: செடி வாடவே இல்லை, வளர்ச்சி மட்டும் நின்றுவிட்டது. நீர்க்குறைவு காரணமாக இருக்குமா?

நிச்சயமாக இருக்கலாம். வாடல் தாமதமாக வரும் அறிகுறி. மண் காயத் தொடங்கும்போதே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலைகளில் கூடுகிறது. இலைத்துளைகளைச் சூழ்ந்த காப்பு செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, நீரும் கூடவே போக, செல்கள் தளர்ந்து துளை மூடுகிறது. வேரின் ஒரு பாதியை ஈரத்திலும் மறுபாதியைக் காய்ந்த மண்ணிலும் வளர்த்த சோதனைகளில், இலையில் நீர் குறையாதபோதும் துளைகள் சுருங்கின. செடி முன்கூட்டியே எச்சரிக்கையாகிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். துளை மூடினால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. உணவு தயாரிப்பு குறையும். செல்கள் விரிவடைவதோ அதற்கும் முன்பே தடைப்பட்டுவிடும்.

கேள்வி: தாகம் எடுத்த செடி சத்தம் போடுமாமே?

உண்மைதான், ஆனால் நம் காதுக்குக் கேட்காது. 2023-இல் வெளியான ஆய்வில் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரின்றி வைத்த தக்காளிச் செடியிலிருந்து மணிக்குச் சராசரியாக 35, புகையிலைச் செடியிலிருந்து 11 என மீயொலிச் சொடுக்குகளைப் பதிவுசெய்திருந்தார்கள். செடிக்குள் நீரை மேலேற்றும் நுண்குழாய்களில் காற்றுக் குமிழிகள் உண்டாவது காரணமாக இருக்கலாம். இதை அழுகை என்று எழுதுவது சரியல்ல.

கேள்வி: காய்ந்த தொட்டியில் ஊற்றிய நீர் உடனே அடியில் ஓடிவிடுகிறது. என்ன செய்வது?

மக்கு மிகுந்த மண் முற்றிலும் உலர்ந்தால் நீரை ஒட்டவிடாது. சுருங்கித் தொட்டியின் சுவரைவிட்டு விலகவும் செய்யும். அந்த இடுக்கு வழியேதான் நீர் ஓடுகிறது. தொட்டியை ஒரு வாளி நீரில் விளிம்பருகே வரை அமிழ்த்தி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து நன்றாக வடியவிடுங்கள்.