பயோஃபீட்பேக்: சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

உடம்புக்குள் நடப்பதைச் சென்ஸர் வைத்து எடுத்து, திரையில் கோடாகவோ காதில் சத்தமாகவோ அந்த ஆளுக்கே காட்டி, அதை அவரே மாற்றப் பழக்குவதுதான் பயோஃபீட்பேக். கருவி அளக்கும், அவ்வளவுதான். கரண்ட் வைக்கிற மெஷின் வேறு, இது வேறு.

செவ்வாய்ப்பேட்டை: வெள்ளிக் கொலுசுக்குப் பத்த வைக்கிற வேலைங்க மேடம். நாள் பூரா குனிஞ்சே உக்காந்திருப்பேன். வலது தோள்பட்டை கல்லு மாதிரி ஆயிடுச்சு. இதுல சரியாகுமா?

கை விரல் மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா? அப்படியென்றால் முதலில் டாக்டரிடம் கழுத்தைக் காட்டுங்கள். வெறும் தசை இறுக்கம்தான் என்றால் இது உதவக்கூடிய இடம்.

கழுத்தடியில் துருத்தி நிற்கும் எலும்புக்கும் தோள் நுனிக்கும் நடுவே, தசை ஓடும் திசையிலேயே, 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு எலெக்ட்ரோடு (தசையின் மின் அசைவைப் பிடிக்கும் வில்லை) ஒட்ட வேண்டும். மூன்றாவது எலும்பின் மேல். ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைக்க வேண்டும். சேலத்து வியர்வையில் அரை மணி நேரத்தில் பிசின் நழுவும். பட்டறையில் பாலிஷ் மோட்டாரும் ஃபேனும் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சேர்ந்துகொள்ளும், தசையே இறுகியதுபோல் கோடு தடித்துத் தெரியும். இடது தோளில் ஒட்டினால் இதயத் துடிப்பும் முள் முள்ளாகக் கலக்கும்.

கையை மடியில் போட்டு 2 நிமிடம் அளவெடுங்கள். பிறகு வேலை செய்யுங்கள். பற்றவைக்கும்போது கோடு ஏறுவது குற்றமில்லை. ஊதுகுழலைக் கீழே வைத்த பிறகும் இறங்காமல் நிற்கிறது பாருங்கள், அதுதான் வலி. ஓய்வு அளவுக்குச் சற்று மேலே போனால் சத்தம் வரும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பு முடிந்ததும் கையை இறக்கி, சத்தம் நின்ற பிறகு அடுத்ததை எடுங்கள். கண் வேலையில் இருப்பதால் திரை வேண்டாம், சத்தம் போதும். சில நாள் கழித்து, 'இப்போது இறங்கிவிட்டது' என்று நீங்களே சொல்லிவிட்டுக் கருவியைப் பாருங்கள். கணிப்பு சரியாக வர ஆரம்பித்தால் கருவியைக் கழற்றிவிடலாம். பக்கத்துப் பட்டறைக்காரர் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். ஒட்டிய இடமும் தோலடிக் கொழுப்பும் மாறினாலே எண் மாறும்.

ஓமலூர்: இது பண்ணா பி.பி. மாத்திரைய நிறுத்திடலாமா?

கூடாது. சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, மாத்திரைக்கு ஈடாகாது. டோஸ் மாற்றம் உங்கள் டாக்டர் கையில்.

ஆத்தூர்: அம்மாவுக்கு 62 வயசு, மலச்சிக்கல். எத்தனை மருந்து குடுத்தாலும் முக்கி முக்கித்தான் போறாங்க. இதுக்கும் பயோஃபீட்பேக் இருக்குன்னு சொல்றாங்களே?

பயோஃபீட்பேக்குக்கு உறுதியான ஆதாரம் உள்ள இடங்களில் இதுவும் ஒன்று. கேட்கக் கூச்சப்பட்டே பலர் வருஷக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள்.

ரத்தம், எடை குறைவு, திடீர் மாற்றம் இருந்தால் முதலில் குடல் பரிசோதனை. அதெல்லாம் இல்லையென்றால் ஆசனவாய் அழுத்தப் பரிசோதனை, கூடவே பலூன் பரிசோதனை. மலக்குடலில் வைத்து 50 மி.லி. தண்ணீர் நிரப்பிய பலூனை ஒரு நிமிடத்துக்குள் வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாத பலருக்கு, முக்கும்போது திறக்க வேண்டிய சுருக்குத்தசை எதிர்மாறாக இறுகுகிறது. திரையில் வயிற்று அழுத்தக் கோடு ஏறும்போது, சுருக்குத்தசையைக் காட்டும் கீழ்க்கோடு இறங்க வேண்டும். இவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஏறும். மூடின கதவைத் தள்ளுகிற மாதிரி. இந்த வகை நோயாளிகளிடம் மலமிளக்கியோடு ஒப்பிட்டுச் செய்து 2006ல் வெளியான இத்தாலிய ஆய்வில், பயோஃபீட்பேக்தான் தெளிவாக முந்தியது.

பயிற்சி: காலடியில் ஒரு சிறு முக்காலி, உடம்பு முன்னால் சாய்வு, மூச்சை அடக்காமல் வயிற்றை வெளியே உப்பித் தள்ளுதல், கண் கீழ்க்கோட்டில். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 4 முதல் 6 அமர்வு. கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க முக்குவது. அப்போது சுருக்குத்தசை தானாகவே இறுகும்.

ஏற்காடு: ஒற்றைத் தலைவலிக்குக் கை சூடேற்றும் பயிற்சி செய்கிறேன். காலையில் விரல் சூடு 24 டிகிரியிலேயே நிற்கிறது.

மலைக் காலைக் குளிரில் யார் கையும் அப்படித்தான் இருக்கும். அறை 22–24 டிகிரிக்கு வந்த பிறகு 15 நிமிடம் சும்மா உட்கார்ந்து, அதன் பின் தொடங்குங்கள். சென்ஸரை விரல் நுனியின் சதைப் பகுதியில் மைக்ரோபோர் பட்டையால் நீளவாக்கில் ஒட்டுங்கள். சுற்றிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபடும். காபி, சிகரெட் இரண்டும் ரத்தக் குழாயைச் சுருக்கும், தோட்டத்துக் காபியைப் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு 35 டிகிரி. 'ஏறு, ஏறு' என்று முனைந்தால் இறங்கும். சேலத்தில் மே மாதம் செய்கிறவர்களுக்கு நேர்மாறான சிக்கல்: ஆரம்பமே 35, ஏற இடமில்லை. அவர்கள் நெற்றித் தசைப் பயிற்சிக்கு மாறுவது நல்லது. வலி வந்த பிறகு செய்வதைவிட, வராத நாளில் தினம் 15–20 நிமிடம் செய்வதில்தான் பலன்.

அம்மாபேட்டை: மெதுவாக மூச்சு விடச் சொல்லித்தருகிறீர்கள், பணமும் கேட்கிறீர்கள். நம் பிராணாயாமம்தானே இது?

மூச்சைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே. சுவர்க் கடிகாரம் போதும். உதடு மதமதத்தால், தலை சுற்றினால் ஆழத்தைக் குறையுங்கள்.

அஸ்தம்பட்டி: ஆறு எல்லாருக்கும் பொருந்தாதே மேடம்.

சரிதான். நாலரை முதல் ஆறரை வரை ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு வேகத்திலும் 2 நிமிடம் மூச்சு விட்டு, எதில் மூச்சோடு சேர்ந்து இதயத் துடிப்பு அதிகமாக ஏறி இறங்குகிறதோ அதை எடுக்க வேண்டும். நெஞ்சுப் பட்டை சென்ஸர் சரியாகக் காட்டும். விரல் கிளிப் ஆக்ஸிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், இதற்கு உதவாது.

அம்மாபேட்டை: அப்ப என் கேள்விக்குப் பதில் வரலையே. கருவி எதுக்கு?

நீங்களே உணர முடிகிற இடத்தில் வேண்டாம். உங்கள் சுருக்குத்தசை இப்போது இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? ஆத்தூர் அம்மாவுக்கு அது தெரியாததால்தான் இத்தனை வருஷம் கஷ்டம். அங்கே கருவி வேண்டும்.

மேட்டூர்: பி.பி. மாத்திரையை எத்தனை மாசத்துல நிறுத்தலாம்?

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கவனிக்கவும்: ஆழ்ந்த தளர்வுப் பயிற்சியில் சர்க்கரை இறங்கலாம், அடிக்கடி பாருங்கள்.

சங்ககிரி: பொருட்காட்சியில் இரும்புக் குச்சியைப் பிடிக்கச் சொல்லி எல்லா உறுப்புக்கும் ரிப்போர்ட் தர்றாங்க. அதுவும் இதுதானா?

இல்லை. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை: மறுபடியும் நான்தாங்க. சத்தம் நிக்கிற வரைக்கும் காத்திருந்தா உருப்படி குறையுமே, கூலி உருப்படிக் கணக்குங்க.

ஆரம்பத்தில் குறையும். அதனால் நாள் முழுக்க வேண்டாம். காலையில் முதல் 20 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் மட்டும் செய்யுங்கள். வேலைப் பலகையை ஒரு சாண் உயர்த்திப் போட்டும் பாருங்கள்.