உபுண்டு சேர்வரில் நிறுவிய நூலகச் செயலியில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வருகின்றன. பதிந்தவற்றை மீட்க முடியுமா?

முதலில் மேற்கொண்டு பதிவதை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு கதைப்போம்.

இலவசமாகக் கிடைத்த பழைய பிஎச்பி செயலி ஒன்றை இறக்கி, கூட வந்த எஸ்கியூஎல் கோப்பை (டேட்டாபேஸில் அட்டவணைகளை உருவாக்கும் கோப்பு) அப்படியே ஏற்றியிருப்பீர்கள். தமிழைப் பதிந்ததும் ஒரு பிழை வந்திருக்கும். யாரோ சொன்ன ஒரு வரியைப் போட்டதும் பிழை போயிருக்கும். உங்கள் கேள்வியில் இது எதுவும் இல்லைதான், ஆனால் நான் செய்தது இதுதான்.

2023இல் எங்கள் வாசிகசாலைக்கு, களுவாஞ்சிகுடிப் பக்கம், புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று வாய் விட்டேன். ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த டெஸ்க்டொப், அதில் உபுண்டு 22.04, அப்பாச்சி என்ற வெப் சேர்வர், மைஎஸ்கியூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ். செயலியில் றூட் (எல்லா உரிமையும் உள்ள பயனர்) பெயரைக் கொடுத்தால் உள்ளே விடவில்லை. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் றூட்டுக்குக் கடவுச்சொல் பார்ப்பதில்லை, லினக்ஸில் நீங்கள் யார் என்றுதான் பார்க்கும். அதனால் செயலிக்கென்று தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுத்தேன். இதுவரை நான் நல்ல பிள்ளை.

ஆங்கிலத் தலைப்புகளைப் பதிந்து பார்த்தேன், சரி. தமிழில் ஒன்றைப் பதிந்ததும் 1366 என்ற பிழை வந்தது, சொற்றொடரின் மதிப்பு தவறு என்று. தேடினால், எஸ்கியூஎல் மோட் என்ற அமைப்பில் கண்டிப்பு முறையை (தவறான தரவை ஏற்காமல் நிறுத்துவது) எடுத்துவிடு என்று ஒருவர் எழுதியிருந்தார். எடுத்தேன், சேர்வரை மறுபடி தொடக்கினேன், பிழை போய்விட்டது. பிழை போனது என்றால் வேலை சரி என்று நினைத்தேன். அடுத்த நாள் விடிய கொழும்பு பஸ் ஏறிவிட்டேன்.

ஏஎல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த இரண்டு தங்கச்சிமார் பதிய வந்தார்கள். இரண்டாம் நாளே ஒருத்தி கோல் எடுத்தாள். “அண்ணா, தலைப்பு வாற இடத்தில கேள்விக்குறியா வருது, பரவாயில்லையா?” நான் சொன்ன பதில் இப்போதும் காதில் நிற்கிறது: “அது ஃபொண்ட் பிரச்சினை, நீங்க பதியுங்க, நான் வந்து பாக்கிறன்.” ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம் காட்டும் பாமினி ஃபொண்டில் தட்டி வளர்ந்தவன் நான். தமிழ் ஒழுங்காகத் தெரியாவிட்டால் ஃபொண்ட் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நோய். யோசித்திருந்தால் பிடித்திருக்கலாம். பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்துதான் தெரியும், வரிசையாகக் கேள்விக்குறி ஒருநாளும் தெரியாது.

இரண்டரைக் கிழமையில் 1,300 புத்தகம். எல்லாமே கேள்விக்குறி.

விசயம் இதுதான். எதுவும் சொல்லாமல் விட்டால் மைஎஸ்கியூஎல் 8.0இல் அட்டவணைகள் யூடிஎஃப்8எம்பி4 என்ற, தமிழும் அடங்கும் எழுத்துக் குறியீட்டில்தான் உருவாகும், ஆனால் அந்தச் செயலியின் கோப்பு ஒவ்வோர் அட்டவணைக்கும் லத்தீன்1 என்று எழுதிவைத்திருந்தது. லத்தீன்1 மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியீடு, அதில் தமிழுக்கு இடமே இல்லை. கண்டிப்பு முறையில் சேர்வர் அதைப் பிழை என்று சொல்லி நிறுத்தியது. நான் அதன் வாயை அடைத்தேன். அதுவும் அடங்கி, தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைச் சேமித்தது.

அட்டவணையை யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றினேன், கேள்விக்குறிகள் அப்படியே இருந்தன. பைனரி லொக்கில் (சேர்வர் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் கோப்பு) மூலம் இருக்கும் என்று ஓர் இரவு முழுக்கத் தோண்டினேன். 8.0இல் அது வழக்கமாக நாம் அனுப்பிய கட்டளையை அல்ல, அட்டவணையில் சேமித்த வரியைத்தான் பதியும், ஆகவே அங்கேயும் அதே குறிகள்.

செயலியைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டொக்கர் போட்டிருக்கலாமே, வேறு டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் இருக்கிறதே, நூலகத்துக்கென்றே கோஹா இருக்கிறதே என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தெரியும். லத்தீன்1 என்று எழுதிய கோப்பை டொக்கருக்குள் ஏற்றினாலும் அது லத்தீன்1தான். நான் கணக்கியல் படித்தவன், சம்பளத்துக்குச் செய்த வேலையும் இல்லை. இன்னொன்று, தமிழுக்கு யூடிஎஃப்8எம்பி4 இல்லாமல் முடியாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு மூன்று பைட் போதும், மைஎஸ்கியூஎல்லின் பழைய, மூன்று பைட் யூடிஎஃப்8இலும் அது நிற்கும். நான்கு பைட் கேட்பது இமோஜி. ஆனாலும் புதிதாகப் போடுபவர் யூடிஎஃப்8எம்பி4 போடுங்கள், வீண் வாதம் வேண்டாம்.

உங்களுக்கு வருவோம். திரையில் தெரியும் கேள்விக்குறி இரண்டு வகை. சேர்வரில் நுழைந்து, தலைப்பு நிரலை (கொலம்), சேமித்த பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷன் வழியாக எடுத்துப் பாருங்கள். 3எஃப் 3எஃப் என்று ஓடினால் உள்ளேயே கேள்விக்குறிதான், எழுத்து போய்விட்டது. ஈ0, ஏஈ என்று வந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது, பிஎச்பி இணைப்புத்தான் லத்தீன்1இல் கேட்கிறது. இணைப்பு வரியில் யூடிஎஃப்8எம்பி4 என்று சொன்னால் முடிந்தது. கேள்விக்குறிக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால் அதுவும் நல்ல சகுனம். அப்போது ஹெக்ஸில் ஈ0 வந்து நிரல் லத்தீன்1 என்றும் இருந்தால், அதை முதலில் பைனரியாகவும் பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆகவும் இரண்டு தடவையில் மாற்றலாம். நேரே மாற்றினால் கெடும். எதைத் தொடுவதானாலும் முதலில் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது கையால் எழுதிய பதிவேடு. அந்த இரண்டு பிள்ளைகளும் முதலாம் புத்தகத்தில் இருந்து மறுபடி தொடங்கினார்கள், ஒரு சொல் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திறப்பு விழாவில் கதிரை தந்தவருக்குப் பொன்னாடை, பிரிண்டர் தந்தவருக்குப் பொன்னாடை, கணினியைத் தொட்டே பார்க்காத தலைவருக்கு மாலையும் பொன்னாடையும். நன்றியுரையில் இவர்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லித் துண்டில் எழுதிக் கொடுத்தேன். வாசிக்கவில்லை. நேரம் போதவில்லையாம், பிரதம விருந்தினர் மட்டும் ஐம்பது நிமிடம் பேசினார்.

சரி, ஹெக்ஸில் என்ன வருகிறது என்று கீழே எழுதுங்கள். 3எஃப் என்றால், உங்கள் பதிவேடு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.