கூரை ஒழுகுவது இருக்கட்டும், அந்த இரண்டு செக்கைக் கவனியுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் எங்களுடையது பழைய மங்களூர் ஓட்டு வீடு. அம்மா (வயது 67) அங்கே தனியாக இருக்கிறார். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். கோவை நிறுவனம் ஒன்றின் ஆட்கள் வீட்டுக்கே வந்து, "ஓட்டுக்கு ஆயுசு முடிஞ்சுதும்மா, அடுத்த மழை தாங்காது" என்று பயமுறுத்தினார்கள். மூன்று மணி நேரம் நகராமல் உட்கார்ந்து, "இன்னிக்கு சைன் பண்ணாத்தான் இந்த ரேட்டு" என்று 1,85,000 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அம்மா 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். மீதிக்குத் தலா 62,500 ரூபாய்க்கு இரண்டு பின்தேதியிட்ட (இனி வரும் தேதி போட்ட) செக்கும் கொடுத்திருக்கிறார். ஓட்டைப் பிரஷர் வாஷ் செய்து, சிவப்புக் கோட்டிங் அடித்து, இடுக்கையெல்லாம் சீலன்ட் வைத்து அடைத்தார்கள். இப்போது முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது. போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? மன உளைச்சலுக்கு 5 லட்சம் கிடைக்குமா? செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் ஓட்டைப் பிரித்து கலர் ஷீட் போட இருக்கிறோம்.

பதில்: வந்தவர்கள் பேசிய பேச்சைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். அதில் வழக்கு இல்லை. வீடு தேடி வந்து விற்றால் இத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று எல்லா வியாபாரத்துக்கும் பொதுவான விதி நம் சட்டத்தில் கிடையாது. மோசடி என்று சொல்ல, ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்ததைக் காட்ட வேண்டும். ஆள் வந்து, தண்ணீர் அடித்து, கோட்டிங்கும் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். ஸ்டேஷனில் "இது சிவில் சமாச்சாரம்" என்றுதான் சொல்வார்கள். 5 லட்சத்தை மறந்துவிடுங்கள்.

சட்டப்படி உங்கள் பிரச்சினை அந்த இரண்டு செக். ஸ்டாப் பேமென்ட் கொடுத்தால் தப்பித்துவிடலாம் என்று நினைத்துத்தான் வக்கீலிடம் வருகிற பலர் மாட்டுகிறார்கள். பணம் இல்லாமல் திரும்பினாலும் சரி, ஸ்டாப் பேமென்ட் என்று திரும்பினாலும் சரி, மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு, அதாவது செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு, பாயும். கையெழுத்து அம்மாவுடையது, ஆகவே எதிரி (குற்றம் சாட்டப்படுபவர்) அம்மாதான். அவருக்குப் பதிலாக நீங்கள் கூண்டில் நிற்க முடியாது. கடன் இருந்தது என்றே கோர்ட் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. வழக்கு முடிவதற்கு முன்பே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் அதிகாரம் உண்டு.

இன்னொன்றைக் கவனியுங்கள். 2015-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, செக்கைப் பெற்றவருடைய வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக் கோர்ட்டில்தான் வழக்கு நடக்கும். நிறுவனத்தின் கணக்கு கோவையில் என்றால், 67 வயது அம்மா ஏற்காட்டு மலையிறங்கி கோவைக்கு வாய்தாவுக்குப் போக வேண்டும். நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு கேட்கலாம்தான். ஆனால் எல்லா நாளும் விலக்கு கிடைக்காது.

அதனால் ஸ்டாப் பேமென்ட்டுக்கு முன்பே வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். என்ன வேலை பேசினார்கள், எந்த இடத்தில் ஒழுகுகிறது, அதனால் மீதித்தொகை தர வேண்டியதில்லை, செக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று அதில் தேதியோடு இருக்கட்டும். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பிறகு அதே காரணத்தை எழுதி வங்கிக்குக் கொடுங்கள். இரண்டு செக்கின் காலமும் முடியும் வரை கணக்கில் 1,25,000 ரூபாய்க்குக் குறையாமல் வைத்திருங்கள். பணம் இருந்தும் நியாயமான காரணத்துக்காகத்தான் நிறுத்தினோம் என்று காட்ட முடிந்தால் அது நல்ல எதிர்வாதம். கணக்கில் 800 ரூபாய் வைத்துக்கொண்டு அதே வாதத்தைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தால் அம்மா வாங்கட்டும். வாங்க மறுத்துத் திருப்பினாலும் சார்வு ஆனதாகவே, அதாவது கையில் சேர்ந்ததாகவே, கோர்ட் எடுத்துக்கொள்ளும், பதில் சொல்லும் வாய்ப்பு மட்டும்தான் போகும்.

சரி, 'பணம் தர வேண்டியதில்லை' என்பதற்கு உங்களிடம் என்ன சாட்சி இருக்கிறது? அந்தக் கூரை ஒன்றுதான். அதைத்தான் அடுத்த வாரம் பிரிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள்! பிரித்த மறுநாளே "நாங்க நல்லாத்தான் செஞ்சோம், இவங்களே பிரிச்சுட்டாங்க" என்பார்கள். உங்களிடம் வாய்ச்சொல் மட்டும் மிஞ்சும்.

இப்போதைக்கு மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். ஓட்டின் மேல் ஆள் நடக்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள சிவில் இன்ஜினியர் ஒருவரை வரவழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். மங்களூர் ஓடு தண்ணீரைத் தடுப்பது சரிவாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருவதாலும்தான், பெயிண்டால் அல்ல. பழைய ஓட்டு வீடு ஒழுகினால் பெரும்பாலும் முகட்டு ஓட்டின் கலவை வெடித்திருக்கும், சில ஓடுகள் உடைந்திருக்கும், அல்லது இரண்டு சரிவு சேரும் இடத்தில் தகடு துருப்பிடித்திருக்கும். அந்த ஆட்கள் இதையெல்லாம் பார்த்தார்களா, பிரஷர் வாஷில் ஓடு நகர்ந்ததா, ஈரம் காயாமலே கோட்டிங் அடித்து அது செதில் செதிலாக உரிகிறதா என்பதை அறிக்கை சொல்ல வேண்டும். முக்கியமாக இடுக்குகள். ஓட்டுக்கு நடுவே காற்று போக வேண்டிய வழியை சீலன்ட் அடைத்துவிட்டால், ஏற்காட்டு மூடுபனியில் உள்பக்கம் வேர்த்து, ரீப்பரும் (ஓடு உட்காரும் மரச்சட்டம்) கைமரமும் (அதைத் தாங்கும் சாய்வு மரம்) ஊறும். ரீப்பரில் ஈரம் இருப்பதைப் படத்தோடு பதியச் சொல்லுங்கள். கோட்டிங் ஒட்டிய ஓடு பத்து எடுத்து வையுங்கள். விற்க வந்தவன் அனுப்பிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது 2023 சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றும் வேண்டும்.

இதற்கிடையே "ஃப்ரீயா சரி பண்ணித் தர்றோம்" என்று ஆள் வந்து, போகும்போது ஒரு சர்வீஸ் சீட்டு நீட்டுவார்கள். கீழே பொடி எழுத்தில் 'வேலை திருப்தி' என்று இருக்கும். அதில் ஒரு கையெழுத்து விழுந்தால் மேலே சொன்ன எல்லாம் வீண்.

சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடலாம். அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை; இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஆனால் அந்தப் புகார் 138 வழக்கைத் தானாக நிறுத்தாது. தீர்ப்பு வந்தாலும், வாடகை ரூமில் போர்டு மாட்டியிருக்கும் நிறுவனத்திடமிருந்து வசூலிப்பது தனிக் கதை.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்யுங்கள். 60,000 ரூபாயை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் இரண்டு செக்கையும் வாங்குங்கள். இன்னும் 15,000, 20,000 கேட்டாலும் யோசிக்காமல் முடியுங்கள். மனசு ஒப்பாது, தெரியும். கோவைக்கு வக்கீல் வைத்து அலைகிற செலவைக் கூட்டிப் பாருங்கள்.

சமரசத்திலும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. "செக் ஹெட் ஆபீஸ்ல இருக்கு, கூரியர் பண்றோம்" என்றால் அசல் கைக்கு வரும் வரை ஒரு ரூபாய் தராதீர்கள். செக் எண்களைக் குறித்து, முழுக் கணக்கும் தீர்ந்தது என்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். சமரசத் தொகைக்குப் புதிதாக செக் கொடுக்க வேண்டாம். அது திரும்பினால் அதற்கே தனியாக ஒரு 138. வங்கி வழியே நேராக அனுப்புங்கள்.

கலர் ஷீட் விஷயம் சமரசம் முடிந்த பிறகு. அதற்கு முன்பு முகடும் உடைந்த ஓடும் மாற்றினால் போதுமா என்று இன்ஜினியரிடமே கேளுங்கள். பல வீடுகளில் போதும். ஷீட்தான் என்றால் ஒப்பந்தத்தில் கோட்டிங் சேர்க்காத தகட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டர், அலுமினியம்-துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், ஸ்க்ரூவில் ரப்பர் வாஷர் உண்டா, அடியில் இன்சுலேஷன் உண்டா என்று எழுதி வாங்குங்கள். ஓடு சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் பாரம் தந்து கூரையை அமுக்கிப் பிடித்திருந்தது. ஷீட் 5 கிலோகூட வராது. மலைக்காற்றில் தூக்காமலிருக்க கைமரத்தைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடிக்கும் வேலையும் அந்த எஸ்டிமேட்டிலேயே இருக்க வேண்டும். பணம் வேலைக்குத் தக்கபடி, கடைசி 20 சதவீதம் ஒரு நல்ல மழைக்குப் பிறகு.