அமெரிக்காவின் முதல் கல்லூரிகளில் ஏன் மூடிய முற்றம் இல்லை?

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளை முன்மாதிரியாகக் கொண்டவர்கள், அமெரிக்காவில் மட்டும் ஏன் நாற்புறமும் சூழ்ந்த முற்றத்தை விட்டுவிட்டு ஒற்றை நீள் கட்டடம் கட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முயற்சி செய்தார்கள், முடிக்க முடியவில்லை. வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் 1695இல் தொடங்கிய கட்டடம் (இன்றைய ரென் கட்டடம்) சதுர முற்றமாகத்தான் திட்டமிடப்பட்டது. இரண்டு பக்கம் எழுந்தது, 1705இல் எரிந்தது. மீண்டும் கட்டி, 1732இல் தேவாலயத்தை மூன்றாம் பக்கமாகச் சேர்த்தார்கள். நான்காவதுக்கு அடித்தளம் போட்டதோடு சரி, அமெரிக்க விடுதலைக்கான புரட்சிப் போர் வந்துவிட்டது.

காசு குறைந்த கல்லூரிக்கு ஒரே கூரைதான் கட்டுப்படியாகும். பிரின்ஸ்டனின் நாசோ ஹால் (1756) இதற்குச் சிறந்த சான்று: ஏறத்தாழ 176 அடி நீளம், 54 அடி அகலம், உள்ளூர் மணற்கல் சுவர். தளம் முழுக்க ஒரு நீண்ட நடைகூடம், இருபுறமும் அறைகள். மாணவர் தங்குமிடம், வகுப்பு, நூலகம், வழிபாட்டுக் கூடம் எல்லாம் உள்ளேயே. ஹார்வர்டின் மாசசூசெட்ஸ் ஹால் (1720) அமைப்பு வேறு: அங்கே படிக்கட்டை ஒட்டியே அறைகள். மொத்தம் 32 அறை, 64 சிறு படிப்பறை. மாணவருக்கு ஆளுக்கொரு படிப்பறை. பிரவுன், டார்ட்மத் கல்லூரிகள் பின்பற்றியது நாசோ ஹாலை.

எல்லாவற்றையும் ஒரே கூரையில் வைப்பதன் ஆபத்து, கணப்பு (அறையைச் சூடாக்கச் சுவரோரம் தீ மூட்டும் அடுப்பு). கணப்பின் தளத்துக்கு அடியிலேயே மர உத்தரம் ஓடினால், சூடு கசிந்து உள்ளுக்குள் புகைந்து, யாரும் பார்க்காத நேரத்தில் பற்றிக்கொள்ளும். 1764 ஜனவரியில் ஹார்வர்ட் ஹால் எரிந்தது இப்படித்தான். தீ தொடங்கியதே நூலகக் கணப்பின் அடியில். சுமார் 5,000 நூல்கள் போயின, இரவல் போயிருந்தவை போன்ற சில நூறு மட்டும் மிஞ்சின. புதிய ஹார்வர்ட் ஹாலில் மாணவர் தங்கும் அறையே வைக்கவில்லை. என் பார்வையில் அமெரிக்கக் கல்லூரி வளாகத்தின் உண்மையான தொடக்கம் இந்த முடிவுதான்: தூங்க ஒரு கட்டடம், படிக்க ஒரு கட்டடம்.

நாசோ ஹாலும் 1802இல் எரிந்தது. கற்சுவர் நின்றது. கட்டடக் கலைஞர் லட்ரோப் அதைச் சீரமைத்தபோது நடைகூடத்துக்குச் செங்கல் தளம், கல் படிக்கட்டு, இரும்புத் தகட்டுக் கூரை கொடுத்தார். 1855இல் மறுபடி தீ. இம்முறை நாட்மன் என்ற கட்டடக் கலைஞர் பக்க வாசல்களை எடுத்துவிட்டு, இரு முனையிலும் படிக்கட்டுக் கோபுரம் சேர்த்தார். ஆகவே இன்று அங்கே போனால், நடுவில் உள்ள வளைவு வாசலை 1756ஆம் ஆண்டினது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் நாட்மன் வைத்ததுதான். பழையது வேண்டுமென்றால் சுவரைப் பாருங்கள்.