டார்ட் பேரலின் வடிவம் எறிதலை எப்படி மாற்றுகிறது?

"22 கிராம் பித்தளையிலிருந்து அதே எடை டங்ஸ்டனுக்கு மாறினேன், டார்ட் கீழே கீழே போகிறது, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடை மாறவில்லை, பேரலின், அதாவது விரல்கள் பிடிக்கும் உலோக உடலின், பருமன் மாறிவிட்டது. டங்ஸ்டன் பித்தளையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அதனால் புதிய பேரல் மெலிந்திருக்கும். மெலிந்ததை விரல்கள் தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும்; இறுக்கினால் விடுவது தாமதமாகும்; தாமதமானால் டார்ட் தாழப் போகும்.

மேற்பரப்பின் செதுக்கலும் இதே வேலையைச் செய்யும். கூரான வரிகள் வியர்வைக் கைக்கு நல்லவை, ஆனால் உலர்ந்த விரலில் ஒட்டிக்கொண்டு வாலை ஒரு பக்கம் இழுத்துவிடும். பறக்கும்போது வால் ஆடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலில் வரிகளில் படிந்த அழுக்கைப் பழைய பல்துலக்கி, சோப்பு நீர் கொண்டு கழுவிப் பாருங்கள்.

அடுத்து சமநிலைப் புள்ளி. ஷாஃப்ட் (பேரலின் பின்னால் மாட்டும் தண்டு), இறகு (அந்தத் தண்டின் முனையில் இருப்பது) எல்லாம் மாட்டிய டார்ட்டை ஒரு விரல்மேல் கிடையாக நிறுத்துங்கள். அது நிற்கும் இடத்திலேயே கட்டைவிரலை வைத்துத் தொடங்குங்கள். முன்புறம் பருத்துப் பின்னால் மெலியும் டார்பீடோ வடிவத்தில் கனம் முன்னால் இருப்பதால் முன்பிடி தேவை. நேர் உருளையில் எங்கும் பிடிக்கலாம், எனவே பிடியை இன்னும் தேடுபவருக்கு அதையே சொல்வேன்.

பிடி சரியான பிறகும் வால் ஆடினால் ஷாஃப்டை ஓர் அளவு நீட்டுங்கள். இறகை அப்போது தொடவேண்டாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.