பாட்டில் மூடி ஏன் உதிர்கிறது? ஆமைச் சிற்பம் செய்யும் ஓர் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். பங்குனி ஆமைகளைக் காப்பது பற்றி மாணவர்களோடு சேர்ந்து ஐந்தடி நீளத்தில் ஒரு சிற்பம் செய்ய ஆசை. கரையில் பொறுக்கிய பாட்டில் மூடி, கிழிந்த வலை, சிப்பி, காகிதக்கூழ் இவற்றைக் கலந்து செய்வதாகத் திட்டம். சிறிதாக ஒன்று செய்து பார்த்தோம். ஒரே வாரத்தில் மூடிகள் உதிர்ந்துவிட்டன, கூழில் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது ஒரு கான்ட்ராக்டர், "தெர்மாகோலில் வெட்டி மேலே ஃபைபர் போட்டுத் தருகிறேன், பள்ளி வாசலில் இருபது வருஷம் நிற்கும், சாதனைச் சான்றிதழும் வாங்கித் தருகிறேன்" என்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் சிற்பத்தில் இருக்கும் இரண்டு கோளாறுகளும் சரிசெய்யக்கூடியவை. அவர் சொல்லும் வழியில் இருக்கும் கோளாறைச் சரிசெய்ய முடியாது.

முதலில் மூடிகள். பாட்டில் மூடிகள் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் என்ற இரண்டு வகை பிளாஸ்டிக்கில்தான் பெரும்பாலும் வருகின்றன. இவற்றின் மேல் சாதாரணமாகக் கிடைக்கும் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. வெள்ளைப் பசை காய்ந்து மேலே தோலாக நிற்கும், அவ்வளவுதான். வெயிலில் பிளாஸ்டிக் விரியும்போது தோல் கழன்றுவிடும். கடைக்காரர் இன்னும் விலை கூடிய பசையைக் காட்டுவார், வாங்காதீர்கள். ஒட்டுவதை விட்டுவிட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு மூடியிலும் சட்டைப் பித்தான் போல இரண்டு துளை. கையால் சுற்றும் துளைக்கருவியில் 2 மி.மீ. பிட் போதும். துத்தநாகப் பூச்சுள்ள மெல்லிய கம்பியின் இரு முனைகளையும் மேலிருந்து இரண்டு துளைகளில் விட்டு, அடியில் இருக்கும் கோழிவலைக் கம்பியைச் சுற்றி, பின்பக்கம் முறுக்கிவிட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை பத்து மூடி கட்டினால் கை பழகிவிடும். ஆணியைக் காய்ச்சித் துளை போடும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அது கூடாது, அந்தப் புகை பிள்ளைகளின் மூச்சில் போகிறது.

கட்டுவதற்கு அடியில் உறுதியான சட்டம் வேண்டும். 8 மி.மீ. கம்பியை வளைத்து ஆமையின் உடம்பு, தலை, நான்கு துடுப்புகள் ஆகியவற்றின் கோட்டை உருவாக்கி, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளுங்கள். துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் பூசிக் காய்ந்த பிறகு மேலே கோழிவலைக் கம்பியைச் சுற்றுங்கள். கடலோரக் காற்றில் பூச்சில்லாத இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தத் துரு கூழின் வழியே பழுப்பாக வெளியே தெரியும்.

பூஞ்சைக்குக் காரணம் கனம். ஒரே பூச்சில் ஓரங்குலம் அப்பியிருப்பீர்கள். மேலே காய்ந்து, உள்ளே ஈரம் நின்றிருக்கும். கால் அங்குலத்துக்கு மேல் ஒரு பூச்சு வேண்டாம். அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, தண்ணீரை நன்றாகப் பிழிந்து, மரவள்ளிக்கிழங்கு மாவுப் பசையும் சாக் பவுடரும் சேர்த்துப் பிசையுங்கள். பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. மயில்துத்தம் விஷம். அதை நீங்கள்தான் கையுறையோடு கலக்க வேண்டும், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. கூழ் பிசையும்போது அவர்களுக்கும் கையுறை போட்டுவிடுங்கள். பண்ருட்டியிலோ மதுரை விளாச்சேரியிலோ பொம்மை செய்பவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால், எந்தப் பயிற்சி முகாமும் சொல்லித்தராததைக் கற்றுக்கொள்ளலாம்.

இனி அந்த ஃபைபர் விஷயம். ஃபைபர் வேலைக்குச் சாதாரணமாக வாங்குவது பாலியெஸ்டர் ரெசின். அதில் இருக்கும் ஸ்டைரீன் என்ற ரசாயனம் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். அதனால் நடுவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசுவார்கள், அல்லது டேப் சுற்றுவார்கள். தெர்மாகோலை வெட்டும்போது பறக்கும் வெள்ளை மணிகள் நேராகக் கடலுக்குப் போகும். ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் தப்பித் தவறி ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். பள்ளி வளாகத்துக்குள் வரக்கூடாத பொருட்கள் இவை. சிற்பம் உடைந்தால் எந்தக் காயலான் கடையும் ஃபைபரை எடுக்காது. உங்கள் பிள்ளைகள் பொறுக்கிய மூடிகளில் நாலைந்தை மேலே பதித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, 'கழிவிலிருந்து கலை' என்று சொல்லிக் கான்ட்ராக்டர் அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார்.

சாதனைச் சான்றிதழ் என்பது தனி வியாபாரம். பணம் கட்டினால் பெயர் வரும், கூடுதலாகக் கட்டினால் பதக்கமும் வரும். அந்தப் பணம் பெற்றோர் பையிலிருந்து போகிறது. ஆமைக்கு அதில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. இதைக் கேட்க ஆளில்லாமல் போனதற்கு நம் கல்வித்துறையின் வழக்கமும் ஒரு காரணம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுற்றறிக்கை வரும், உடனே படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். காகிதக்கூழ் காயக்கூட நேரம் கிடையாது. அப்படி அவசரப்படுத்தினால் ஆசிரியர்கள் கான்ட்ராக்டரிடம்தான் போவார்கள். இயற்கையைக் காக்கும் சிற்பத்துக்கு முன்னால் பத்தடி ஃபிளெக்ஸ் பேனர் கட்டி, அதில் வந்தவர் போனவர் படமெல்லாம் போடுவதையும் பார்க்கிறோம். உங்கள் பள்ளியிலாவது துணியில் எழுதுங்கள்.

சிப்பி விஷயத்தில் கவனம். கரையில் ஒதுங்கும் சாதாரண மட்டி, சிப்பி ஓடுகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கடையில் மட்டும் வாங்காதீர்கள். சுற்றுலா இடங்களில் விற்கும் மூட்டைகளில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்த சங்கு வகைகளும் பவளத் துண்டுகளும் கலந்திருக்கும். விற்றவர் தெரியாது என்று சொல்லிவிடுவார், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். செத்து ஒதுங்கிய ஆமையின் ஓட்டையோ மண்டை ஓட்டையோ ஏதாவது ஒரு பையன் ஆசையாக எடுத்துவருவான். அதையும் தொடக்கூடாது. பங்குனி ஆமை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். இறந்த உடலாக இருந்தாலும் வனத்துறைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும்.

உடனே யாராவது, "மயிலும் அதே அட்டவணைதானே, மயிலிறகை எல்லாரும் வைத்திருக்கிறார்களே" என்பார்கள். மயிலின் தோகை இறகுக்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. தானாக உதிர்ந்த இறகு நம் ஊரில் காலம் காலமாகப் புழங்குவதால் வந்த விலக்கு அது. அதுவும் உதிர்ந்த இறகுக்குத்தான். மயிலைக் கொன்று பிடுங்கினால் குற்றம். அடிக்குருத்தில் ரத்தக்கறை இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். இந்த விலக்கை இன்னொரு பொருளுக்கு நீட்ட முடியாது. மான் கொம்பு தானாக விழுந்து கிடந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது, ஆமை ஓடும் அப்படித்தான். 'உதிர்ந்ததுதானே, ஒதுங்கியதுதானே' என்ற வாதம் மயிலிறகோடு நின்றுவிடுகிறது.

வலையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். இறங்குதளத்தில் ஒதுக்கிப்போட்ட வலையை மீனவர்களிடம் கேட்டால் தருவார்கள். இடைத்தரகரிடம் போனால் புது வலையை மண்ணில் புரட்டிக் கொடுத்த கதையும் நடக்கும். வாங்கி வந்ததும் தூண்டில் முள் இருக்கிறதா என்று பெரியவர்கள் ஒருவர் தடவிப் பார்க்கட்டும். பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். உப்பு போகாவிட்டால் கட்டிய கம்பி அரித்துவிடும்.

வலையை அழகுக்காக மேலே போர்த்த வேண்டாம். ஆமைக்கு நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும், இழுவலையில் சிக்கி வர முடியாமல்தான் மூழ்கிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய உடல்களை நாடே பார்த்தது. அதனால் முன்துடுப்பு ஒன்றிலும் கழுத்திலும் வலை இறுகி, தலை மேல்நோக்கி நீண்டிருக்கும்படி சட்டத்தை வளையுங்கள். தலையை உள்ளே இழுப்பது போல் செய்துவிடாதீர்கள், கடல் ஆமையால் அது முடியாது. ஓட்டின் இருபுறமும் பக்கத்துக்கு ஆறு முதல் எட்டு தகடுகள் வரை வரட்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு நிற மூடி என்று பிரித்துக் கட்டினால் தூரத்திலிருந்தே தெரியும்.

கடைசியாக இடம். பள்ளி வாசலில் வெட்டவெளியில் வைக்கவே கூடாது. வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கித் தூளாகும், அந்தத் தூள் மழையில் வாய்க்கால் வழியாகக் கடலுக்கே திரும்பும். கூழ் ஒரு மழைக்குத் தாங்காது. வெயில் படாத வராந்தாதான் இதற்கு இடம். வாசலில்தான் வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் பிடிவாதம் பிடித்தால் பொருளை மாற்றுங்கள்: கம்பிச் சட்டம், சிமெண்டுப் பூச்சு, மேலே உடைந்த டைல்ஸ், பீங்கான் துண்டுகள். சண்டிகரில் நேக் சந்த் என்பவர் இப்படி உடைந்த பீங்கானையும் வளையல்களையும் சிமெண்டில் பதித்து உருவாக்கிய பாறைத் தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. அப்போது வலையும் மூடியும் அதில் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் கூழ் காயாது. அந்த மாதங்களில் மூடி பொறுக்கித் துளை போடுவது, வலை அலசுவது, சட்டம் பற்றவைப்பது ஆகியவற்றை முடித்துவிடுங்கள். தை பிறந்ததும் கூழ் வேலையைத் தொடங்கலாம். அப்போது ஆமைகள் கரையேறும் காலம் என்பதால், அதற்குப் பிறகு கரைக்குப் பொறுக்கப் போனால் பகலில் மட்டும் போங்கள். மணலைக் கிளறாமல், மேலே கிடப்பதை எடுத்தால் போதும்.